மெஸ்ஸிலிருந்து தொடங்குங்கள்: பெருந்தொற்றுக் காலத்தில் கல்லூரியைத் திறக்கும் குழுவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஒரு நாள் சுற்றறிக்கை வரும். வளாகத்தை மீண்டும் திறப்பதற்கான குழுவில் உங்கள் பெயர் இருக்கும். நீங்கள் வேதியியலோ வரலாறோ நடத்துபவராக இருப்பீர்கள். தொற்றுநோய் பற்றிச் செய்தித்தாளில் படித்ததைத் தாண்டி எதுவும் தெரிந்திருக்காது. இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். 2020 முதல் 2022 வரை கொரோனா காலத்தில் பல்கலைக்கழகங்கள் பட்ட பாட்டிலிருந்து, அடுத்த முறை கையில் வைத்துக்கொள்ள வேண்டியவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். அடுத்த முறை வேறு கிருமியாக இருக்கலாம். காற்றில் பரவும் கிருமி என்றால் இதில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

வேலையில் இறங்குமுன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கல்லூரியைத் திறப்பது ஒரே முறை நடந்து முடியும் காரியமாக இருக்காது. தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடினோம். டிசம்பர் 7 அன்று இறுதியாண்டு மாணவர்கள் வந்தார்கள். 2021 பிப்ரவரி 8 முதல் மற்றவர்களும் வந்தார்கள். மார்ச் மாதமே மறுபடி ஆன்லைன். செப்டம்பர் 1 அன்று திறப்பு, 2022 ஜனவரியில் ஓமிக்ரானால் மூடல், பிப்ரவரி 1 அன்று மறுபடியும் திறப்பு. ஆகவே நீங்கள் போடும் திட்டம் ஒரு தேதிக்கானதாக இல்லாமல், பலமுறை எடுத்துப் பயன்படுத்தும் கையேடாக இருக்கட்டும்.

மூடும் விதியை முதலில் எழுதுங்கள்

பெரும்பாலான குழுக்கள் முதல் கூட்டத்தில் திறக்கும் தேதியைத்தான் பேசும். நீங்கள் கையைத் தூக்கி, எந்த நிலை வந்தால் நிறுத்துவோம் என்று கேளுங்கள். தொற்று ஏறத் தொடங்கிய பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டால், கட்டணம், பெற்றோர் கோபம், தேர்வு அட்டவணை எல்லாம் சேர்ந்து முடிவைத் தள்ளிப்போட வைக்கும்.

அமெரிக்காவின் சாப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகம் 2020 ஆகஸ்ட் 10 அன்று நேரடி வகுப்புகளைத் தொடங்கியது. ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 17 அன்று, இளநிலை வகுப்புகள் அனைத்தையும் ஆன்லைனுக்கு மாற்றுவதாக அறிவித்தது. அந்த வாரத்தில் அதன் மருத்துவ மையத்தில் பரிசோதித்தவர்களில் தொற்று உறுதியானோர் விகிதம் 2.8 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக ஏறியிருந்தது. ஒரே இடத்தில் பலருக்குச் சேர்ந்து தொற்றும் பெரிய கொத்துகள் விடுதிகளிலும் மாணவர் குடியிருப்புகளிலும் கிளம்பின. அதே ஆகஸ்டில் இந்தியானா மாநிலத்தின் நாட்டர் டேம் பல்கலைக்கழகம் வேறு வழியில் போனது. மாணவர்களை வளாகத்திலேயே வைத்துக்கொண்டு நேரடி வகுப்புகளை மட்டும் இரண்டு வாரம் நிறுத்தியது. பிறகு படிப்படியாகத் திரும்பத் தொடங்கியது.

இந்த இடைநிலையை உங்கள் கையேட்டில் கட்டாயம் சேருங்கள். திறப்பு, முழு மூடல் என்ற இரண்டு நிலைகளுக்கு நடுவே ‘வகுப்பு நிறுத்தம், ஆள் நகர்வு இல்லை’ என்று ஒரு நிலை இருக்க வேண்டும். தொற்று பரவிய விடுதியைக் காலிசெய்து எல்லோரையும் ஊருக்கு அனுப்புவதுபோல ஆபத்தான முடிவு வேறில்லை. அறிகுறி இல்லாமல் கிருமியைச் சுமக்கும் பிள்ளை பஸ் ஏறி, சர்க்கரை நோயுள்ள அப்பாவும் வயதான ஆத்தாவும் இருக்கும் வீட்டுக்குப் போகும். அமெரிக்காவின் தொற்றுநோய் நிபுணர் ஆண்டனி ஃபவுச்சி 2020 செப்டம்பரில் இதையேதான் எச்சரித்தார்.

விதிகளை எண்ணாக எழுதுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: ஒரே விடுதியில் ஏழு நாளில் ஐந்து பேருக்குத் தொற்று என்றால் அந்த விடுதிக்கு மட்டும் நிறுத்தம்; தனிமை அறைகளில் பாதி நிரம்பினால் புதிதாக யாரையும் வரவழைப்பதில்லை; முக்கால் பங்கு நிரம்பினால் வளாகம் முழுக்க வகுப்பு நிறுத்தம். உங்கள் கல்லூரிக்கு இந்த எண்கள் மாறலாம். ஆனால் எண் இருக்க வேண்டும், அதில் முதல்வரின் கையெழுத்து இருக்க வேண்டும், யாருடைய அனுமதியும் கேட்காமல் அதை நடைமுறைப்படுத்த ஒருவருக்கு அதிகாரம் இருக்க வேண்டும்.

சுகாதாரத் துறையைப் போய்ப் பாருங்கள்

போன் போதாது, நேரில் போங்கள். மாவட்ட சுகாதார அலுவலர் (முன்பு சுகாதாரப் பணிகள் துணை இயக்குநர்), உங்கள் வட்டார மருத்துவ அலுவலர், உங்கள் பகுதியின் சுகாதார ஆய்வாளர் ஆகிய மூவரையும் பாருங்கள். தினசரி உங்களுக்கு உதவப்போகிறவர் மூன்றாமவர்தான். அவருடைய எண்ணை வார்டனும் வைத்திருக்கட்டும். பரிசோதனை முடிவு எத்தனை மணி நேரத்தில் வரும், தொற்று உறுதியானால் வளாகத்தில் வைத்துக்கொள்ளலாமா, கொரோனா சிகிச்சை மையத்துக்கு அனுப்ப வேண்டுமா, படுக்கை எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அவர்கள் வேண்டாம் என்றால் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பல் ஹில் இருக்கும் ஆரஞ்சு கவுண்டியின் சுகாதாரத் துறை, முதல் ஐந்து வாரமாவது ஆன்லைனில் நடத்துங்கள், விடுதியில் இடம் தருவதைக் கட்டுப்படுத்துங்கள் என்று ஜூலை மாதமே பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதியிருந்தது.

அறைகளை எண்ணுங்கள், கழிப்பறைகளையும்

வார்டனோடு விடுதியின் தளத் திட்டத்தை மேசையில் விரித்து ஒரு முழு மதியம் உட்காருங்கள். திட்டத்தின் மற்ற எல்லா எண்ணும் இங்கிருந்துதான் பிறக்கும்.

1,200 பேர் தங்கும் விடுதி என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு மூன்று பேருக்குத் தொற்று வருகிறது, ஒவ்வொருவரும் பத்து நாள் தனிமையில் இருக்க வேண்டும். அப்படியானால் எந்த நாளிலும் 30 பேர் தனிமையில் இருப்பார்கள். இதை எல்லோரும் கணக்குப் போட்டுவிடுவார்கள். விட்டுப்போவது தொடர்பில் இருந்தவர்கள் கணக்கு. ஒவ்வொரு நோயாளிக்கும் நாலு பேர் நெருங்கிய தொடர்பு, ஏழு நாள் கண்காணிப்பு என்றால் 84 பேர். ஆக 114 பேருக்கு இடம் வேண்டும். நாளுக்கு மூன்றே பேர் என்ற நிலைமையிலேயே இவ்வளவு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தொற்று உறுதியானவர்களை ஒரே அறையில் இருவர் மூவராக வைக்கலாம், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தலாம். தொடர்பில் இருந்தவர்களை அப்படி வைக்க முடியாது. நாலு பேரில் ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்தால், சேர்த்து வைப்பதன் மூலம் மற்ற மூவருக்கும் நாமே கொடுத்துவிடுவோம். நம் ஊர் விடுதிகளில் மாடிக்கு ஒரு பொதுக் கழிப்பறைத் தொகுதிதான் இருக்கும். கழிப்பறை உள்ள அறை விருந்தினர் இல்லத்தில்தான் கிடைக்கும். அதனால் விருந்தினர் இல்லத்தைத் தொடர்பில் இருந்தவர்களுக்கும், விடுதியின் ஒரு தனிக் கட்டடத்தைத் தொற்று உறுதியானவர்களுக்கும் ஒதுக்குங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்.

இந்த அறைகளைக் கழித்துவிட்டு மிச்சத்தை எண்ணுங்கள். 2020 நவம்பர் 5 அன்று வந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் வழிகாட்டுதல், விடுதியில் அறையைப் பகிர வேண்டாம் என்றது. எந்த நேரத்திலும் வளாகத்தில் பாதி மாணவர்களுக்கு மேல் கூடாது என்றும் சொன்னது. மூவர் அறையில் ஒருவர் என்றால் உங்கள் விடுதியின் கொள்ளளவு மூன்றில் ஒன்று. எத்தனை பேரைக் கூப்பிடலாம் என்பதை இந்த எண் சொல்லும், பாடத்திட்டம் சொல்லாது.

இன்னொன்று: பேரிடர்க் காலத்தில் அரசு உங்கள் விடுதியைச் சிகிச்சை மையமாக எடுத்துக்கொள்ளலாம். 2020-இல் பல கல்லூரி விடுதிகளில் அது நடந்தது. மாணவர்களின் பெட்டியும் புத்தகமும் சான்றிதழும் உள்ளே இருக்கும். அறைவாரியாகப் படம் எடுத்து, பெயர் எழுதிக் கட்டி, பட்டியல் போட்டு, பெற்றோருக்குத் தகவல் சொன்ன பிறகே அறையை ஒப்படையுங்கள்.

மெஸ்

இதுதான் திட்டத்தின் இதயம். வகுப்பறையில் எல்லோரும் முகக்கவசம் போட்டு ஒரே பக்கம் பார்த்து உட்காருவார்கள். ஒரு ஆசிரியர் பார்த்துக்கொண்டிருப்பார். மெஸ்ஸில் முகக்கவசத்தைக் கழற்றி, எதிரெதிரே உட்கார்ந்து, அரை மணி நேரம் சத்தமாகப் பேசுவார்கள். நாளுக்கு மூன்று வேளை.

2020 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யில் இருந்தவர்கள் வழக்கமான கூட்டத்தில் ஒரு சிறு பகுதி, பெரும்பாலும் ஆராய்ச்சி மாணவர்கள். அப்படியும் மாத நடுவில் சில நாட்களுக்குள் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. மெஸ் ஊழியர்களும் அதில் இருந்தார்கள். மெஸ்ஸில் கூடியதைத்தான் சுகாதாரத் துறை முக்கியக் காரணமாகச் சுட்டியது. துறைகள், ஆய்வகங்கள், நூலகம் மூடப்பட்டன. மாணவர்களுக்கு உணவு பொட்டலமாக அறைக்குப் போனது. முதல் நாளிலிருந்தே செய்ய வேண்டியது அந்தப் பொட்டலம்தான்.

காலை எட்டு மணிக்கு ஒரு மெஸ் வாசலில் நின்று பாருங்கள். எட்டரைக்கு வகுப்பு என்றால் எட்டிலிருந்து எட்டு இருபதுக்குள் விடுதியில் முக்கால்வாசிப் பேர் வந்துவிடுவார்கள். தட்டு எடுக்கும் இடத்தில் ஒரு நெரிசல், சாம்பார் வாளிக்கு முன்னால் ஒரு நெரிசல், கைகழுவும் இடத்தில் மூன்றாவது. ஆக, தரையில் வட்டம் போட்டு இந்த நெரிசலைக் கலைக்க முடியாது. வகுப்பு தொடங்கும் நேரத்தை மாற்றினால்தான் கலையும். ஒரு துறைக்கு எட்டரை, ஒரு துறைக்கு ஒன்பதரை, ஒன்றுக்குப் பத்தரை என்று அட்டவணையைப் பிரியுங்கள். அட்டவணைக் குழுவையும் மெஸ் கமிட்டியையும் ஒரே அறையில் உட்காரவைத்தால் ஒரு நாளில் முடியும் வேலை இது.

சாப்பாடு பொட்டலமாக, மாடிவாரியாகப் போகட்டும். பொட்டலத்துக்கு ஏற்ற உணவாக மாற்றுங்கள்: தோசை வேண்டாம், இட்லி போதும், குழம்பு தனி டப்பாவில். குப்பை மும்மடங்காகும், அதற்கும் ஆள் வேண்டும். இருந்து சாப்பிட விரும்புபவர்களுக்கு மரத்தடியில் மேசை போடுங்கள். மழைக்காலத்தில் பக்கம் திறந்த கொட்டகை.

யாரை முதலில் அழைப்பது

இறுதியாண்டு மாணவர்களையும் ஆய்வகம் தேவைப்படும் ஆராய்ச்சி மாணவர்களையும் முதலில் அழைப்பது வழக்கம். சரிதான். அவர்களோடு இன்னொரு பட்டியலையும் சேருங்கள்: வீட்டில் சிக்னல் இல்லாதவர்கள், ஒரே போனை அண்ணன் தம்பி மூவர் பங்கு போடுபவர்கள், வீட்டில் இருந்தால் வேலைக்கோ கல்யாணத்துக்கோ தள்ளப்படும் பெண்கள். இவர்களில் பலர் கேட்க மாட்டார்கள். வகுப்பு ஆலோசகர்கள் ஒவ்வொருவரையும் போனில் அழைத்து விசாரித்தால்தான் தெரியும். எந்த ஆண்டு படித்தாலும் இவர்களுக்கு விடுதியில் முதலிடம் கொடுங்கள்.

சுழற்சி முறை வைத்தால் டே ஸ்காலர்களுக்கு மட்டும் வையுங்கள். விடுதி மாணவர்களை வாரம் மாற்றி வாரம் வரவழைத்தால் ஒவ்வொரு வாரமும் ஒரு புதிய பயணம், ஒரு புதிய நுழைவு. வந்தவர்கள் பருவம் முடியும்வரை இருக்கட்டும்.

வாசலில் என்ன செய்வது

நெற்றியில் காட்டும் வெப்பமானித் துப்பாக்கியை நம்ப வேண்டாம். அறிகுறி தொடங்குவதற்கு ஓரிரு நாள் முன்பே கொரோனா பரவத் தொடங்கிவிடும். வெயிலில் நடந்து வந்தவருக்கும் நெற்றி சுடும், பாராசிட்டமால் போட்டவருக்குச் சுடாது. மருந்து தெளிக்கும் சுரங்கம் வைக்க யாராவது நன்கொடை தர முன்வந்தால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். ஆட்கள் மேல் கிருமிநாசினி தெளிக்கக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது.

பயனுள்ளது பரிசோதனை, அதுவும் இரண்டு முறை. வந்த அன்று எடுக்கும் ஆர்டி-பிசிஆர், முந்தின நாள் ரயிலில் தொற்றியவரைக் காட்டிக்கொடுக்காது. அந்தக் கிருமி வெளிப்படச் சில நாள் ஆகும். வந்த அன்று ஒன்று, ஐந்திலிருந்து ஏழு நாளுக்குள் இன்னொன்று. நடுவில் அறையிலிருந்தே ஆன்லைன் வகுப்பு. இரண்டாவது பரிசோதனையை விட்டுவிட்டால் முதல் பரிசோதனைக்குச் செலவழித்ததும் பெரும்பகுதி வீண்.

செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு. தொற்று விகிதம் 2 சதவீதத்துக்குக் கீழ் இருக்கும் இடங்களில் ஐந்து பேர் மாதிரிகளைச் சேர்த்துச் சோதிக்கலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 ஏப்ரலில் அனுமதித்தது. 500 மாணவர்கள் என்றால் 100 கூட்டு மாதிரிகள். ஐந்து பேருக்குத் தொற்று இருந்து ஐவரும் வெவ்வேறு கூட்டில் விழுந்தாலும், மறுபடி சோதிக்க வேண்டியது 25 பேரை மட்டும். 500 சோதனைக்குப் பதில் 125.

சாக்கடை நீரைச் சோதிப்பது இன்னும் நல்ல வழி, ஆய்வக வசதி இருந்தால். 2020 ஆகஸ்டில் அரிசோனா பல்கலைக்கழகம் ஒரு விடுதியின் கழிவுநீரில் கிருமியின் தடயத்தைக் கண்டது. உடனே அங்கிருந்த 311 பேரைப் பரிசோதித்தது. அறிகுறியே இல்லாத இருவர் சிக்கினார்கள். உயிரித் தொழில்நுட்பத் துறை உள்ள கல்லூரிகள் இதைத் தங்கள் மாணவர்களின் புராஜெக்டாகவே செய்யலாம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை திறப்பதாக இருந்தால் டெங்குவை மறக்காதீர்கள். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த விடுதியின் தொட்டியிலும் கூலரிலும் கொசு முட்டையிட்டிருக்கும். காய்ச்சல் என்று வரும் மாணவருக்குக் கொரோனா இல்லை என்று முடிவு வந்தால் அறைக்கு அனுப்பிவிடாமல், ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையையும் பாருங்கள்.

ஜன்னல்

பூட்டிய ஏ.சி. அறைகளைப் பட்டியலிடுங்கள்: கருத்தரங்கக் கூடம், கணினி ஆய்வகம், தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அறை. ஸ்ப்ளிட் ஏ.சி. உள்ளே இருக்கும் காற்றையேதான் குளிர்வித்துச் சுற்றிவிடும். ஜன்னலைத் திறந்து மின்விசிறி போடுங்கள், எதிர்ச்சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுங்கள். கையடக்கக் கார்பன்-டை-ஆக்சைடு மானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வெளிக்காற்றில் அது 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் காட்டும். ஆள் நிறைந்த அறையில் 800-க்கு மேல் போனால் காற்றோட்டம் போதவில்லை. ஒவ்வொரு அறையிலும் எண்ணைப் பார்த்துக் கதவில் எழுதி ஒட்டினால், மாணவர்களே ஜன்னலைத் திறக்கத் தொடங்குவார்கள்.

பூட்டிக் கிடந்த கட்டடத்துக்கான மற்ற வேலைகள் வழக்கமானவை: தண்ணீர்த் தொட்டி கழுவி எல்லாக் குழாயையும் சில நிமிடம் திறந்துவிடுவது, ஆர்.ஓ. வடிகட்டி, லிஃப்ட், யு.பி.எஸ். பேட்டரி, தீயணைப்பான், ஆய்வக எரிவாயு இணைப்பு. பராமரிப்புப் பொறியாளரிடம் ஒப்படையுங்கள். கல்லூரிப் பஸ்ஸில் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பாட்டுப் போடாமல் பேசாமல் போக வேண்டும், என்95 போட வேண்டும். ஒன்றரை மணி நேரப் பயணம் வகுப்பைவிட நீளமானது.

மாணவர் உண்மையைச் சொல்ல வழி செய்யுங்கள்

இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பேன் வளாகம் 2020-இல் செய்த ஏற்பாட்டுக்கு மேல் ஒரு பல்கலைக்கழகம் செய்ய முடியாது. தானே உருவாக்கிய உமிழ்நீர்ப் பரிசோதனை, எல்லோருக்கும் வாரம் இரண்டு முறை, முடிவு செல்போனில், அது சரியாக இருந்தால்தான் கட்டடத்துக்குள் நுழைவு. ஆனாலும் செப்டம்பர் தொடக்கத்தில் எண்ணிக்கை கணித மாதிரி சொன்னதைத் தாண்டியது. காரணம், தொற்று உறுதியானது தெரிந்தும் சில மாணவர்கள் விருந்துகளுக்குப் போனார்கள். இரண்டு வாரம் அத்தியாவசிய நடமாட்டம் மட்டும் என்று கட்டுப்படுத்திய பிறகே தணிந்தது.

நம் ஊரில் மாணவர் தொற்றை மறைப்பதற்குக் காரணம் விருந்தாக இருக்காது, வருகைப்பதிவாகத்தான் இருக்கும். 75 சதவீதம் இல்லையென்றால் தேர்வு எழுத முடியாது என்ற பயத்தில், தொண்டை கரகரக்கும் பிள்ளை மாத்திரை போட்டுக்கொண்டு முதல் பெஞ்சில் உட்காரும். இன்டர்னல் தேர்வு வாரம் என்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே திறக்குமுன்பே மூன்று உத்தரவுகளை வாங்கிவிடுங்கள். அறிகுறி சொன்ன நாளிலிருந்தே ஓ.டி. (வராத நாளும் வந்ததாகக் கணக்கு), சான்றிதழ் கேட்பதில்லை. தவறிய இன்டர்னலுக்கு மறுதேர்வு, மதிப்பெண் குறைப்பு இல்லை. செய்முறை வகுப்புக்கு மாற்றுத் தேதி. இவற்றை எச்.ஓ.டி.யின் விருப்பத்துக்கு விடாமல், பதிவாளர் கையெழுத்தோடு ஒவ்வொரு வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் போடுங்கள்.

தனிமை அறையும் போய்த் தங்கக்கூடிய இடமாக இருக்க வேண்டும். வைஃபை, வெந்நீர் கெட்டில், சுத்தமான போர்வை, ஆக்சிமீட்டர், காலை மாலை ஒரு போன் அழைப்பு. ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழ் வந்தால் யாரை அழைக்க வேண்டும் என்று கதவின் உட்புறம் பெரிய எழுத்தில் இருக்கட்டும்: முதலில் 108, பிறகு வார்டன். முதலில் போய்வந்த இரண்டு மூன்று பேர், “பரவாயில்லடா, சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு” என்று நண்பர்களிடம் சொன்னால், அடுத்தவர்கள் தாமாகவே வந்து சொல்வார்கள். தொற்று வந்தவரின் பெயரை அறிவிப்பில் போடுவதும், விருந்து வைத்தான், ஊர் சுற்றினான் என்று ஆசிரியர் வகுப்பில் பேசுவதும் அந்த நம்பிக்கையை ஒரே நாளில் கொன்றுவிடும்.

தடுப்பூசி வந்த பிறகும் இந்த ஏற்பாட்டைக் கலைக்காதீர்கள். இந்தியாவில் தடுப்பூசி தொடங்கிக் கிட்டத்தட்ட ஒரு வருடமான நிலையில், 2022 ஜனவரியில், சென்னை குரோம்பேட்டையில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குத் தொற்று உறுதியானது. தடுப்பூசி உயிரைக் காக்கும்; தனிமை அறையின் தேவையை அது நீக்கிவிடவில்லை.

சம்பளப் பட்டியலில் இல்லாதவர்கள்

கடைசியாக எழுதினாலும் இது முதல் வாரத்திலேயே முடிய வேண்டிய வேலை. மெஸ் சமையல்காரர்கள், துப்புரவுப் பணியாளர்கள், காவலாளிகள், பஸ் ஓட்டுநர்கள் பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். நாளொன்றுக்கு எல்லா மாணவரையும் தொட்டுச் செல்பவர்கள் அவர்கள்தான். பத்து நாள் வேலைக்கு வராவிட்டால் பத்து நாள் கூலி போகும் என்றால் எந்த அம்மாவும் காய்ச்சலைச் சொல்ல மாட்டார். அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

ஒப்பந்தத்தில் ஒரு பத்தி சேர்க்கச் சொல்லுங்கள்: தனிமை நாட்களுக்கு முழுக் கூலி, அதைக் கல்லூரி ஈடுகட்டும். ஒரு மெஸ்ஸுக்கு வருடத்தில் ஆகும் அந்தச் செலவு, மாணவர்கள் அனைவருக்கும் ஒரு சுற்றுப் பரிசோதனை செய்யும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும். மாணவர்களுக்கு நடக்கும் பரிசோதனையும் தடுப்பூசி முகாமும் அவர்களுக்கும் அதே நாளில், அதே வரிசையில். சமையற்கட்டில் ஆட்களை இரண்டு அணியாகப் பிரித்து, ஒரு அணி மற்றொன்றைச் சந்திக்காதபடி வேலைநேரம் வையுங்கள். ஒரு அணி முழுக்கத் தனிமைக்குப் போனாலும் மறுநாள் காலை இட்லி வேக வேண்டும். குழுக் கூட்டத்துக்கு மெஸ் மேற்பார்வையாளரையும் துப்புரவு மேஸ்திரியையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். எந்தக் கதவு வழியாக யார் எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.